கரண்டி தூக்கும் மோட்டார்

ராஜபாளையம்
8.6.1997

அன்புள்ள ஐயாதுரைக்கு,

ராஜரத்தினம் சொல்லச் சொல்ல சம்சாரம் தேவகிருபை எழுதுவது. கர்த்தர் கிருபையால் நலம். நீ கொடுத்துவிட்ட பார்சல் ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் அம்மா கைக்கு வந்து, அவர்களே பஸ் ஏறிக் கொண்டுவந்து தந்தார்கள். சர்வோ மோட்டார் இரண்டும் சின்ன சர்க்யூட்டும் பழுதில்லாமல் இருந்தன. பொம்மை விமானத்துக்கு வால் ஆட்டுகிற மோட்டார் என்றாய். ஆனாலும் பல்சக்கரம் எல்லாம் வைத்து என்ன நேர்த்தி!

பக்கத்துப் பட்டறை பொன்னுராஜ்தான் இப்போது எனக்குக் கை. நான் படுத்தபடி வாயால் சொல்கிறேன், அவன் பூட்டுகிறான். அலுமினியப் பட்டையில் முழங்கை மாதிரி ஒன்று செய்து, நுனியில் கரண்டி கட்டியாயிற்று. தலையணையோரம் ஒரு சுவிட்ச். கன்னத்தால் அழுத்தினால் கரண்டி கிண்ணத்தில் இறங்கி என் வாய்க்கு வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வரமாட்டேன் என்கிறது. ரேடியோவுக்குப் போடுகிற ஒன்பது வோல்ட் சதுர பேட்டரியில் சர்க்யூட்டையும் மோட்டாரையும் சேர்த்து ஓட்டினோம். கை பாதி தூரம் வந்து வெடவெடவென்று நடுங்கித் தொப்பென்று விழுகிறது. உன் கம்பெனிக் கம்ப்யூட்டரில் உலகம் பூராவும் இருக்கிற ஆட்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிற இடம் இருப்பதாக எழுதியிருந்தாயே, அங்கே கேட்டுச் சொல்.

(அண்ணா, இது நான் எழுதுறது. மில்லுல ஏணியிலருந்து விழுந்து இவிய கழுத்துக்குக் கீழ மரத்துப்போன நாள்லருந்து நான்தான் ஊட்டுதேன். என் கையில என்ன முள்ளா இருக்கு? இப்ப மோட்டார் ஊட்டணுமாம். நீங்களும் வாங்கிக் கொடுத்து விடுதீக. இதை எழுதாதேன்னு கத்துதாவ. எழுதிட்டேன்.)

அன்புடன்,
ராஜரத்தினம்


சிங்கப்பூர்
26.6.1997

அன்புள்ள ராஜரத்தினத்துக்கும் தங்கச்சிக்கும்,

நலம். இங்கே வெயில் நம்மூர் மாதிரி, வேலை அதைவிட மோசம்.

உன் கேள்வியை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டி, 'நான் இதற்குப் புதியவன்' என்று அடியில் போட்டு அனுப்பினேன். முதலில் ஒருத்தன் வந்து, "இதையெல்லாம் ஆயிரம் தடவை சொல்லியாச்சு, பழைய பதில்களைப் படித்துவிட்டு வா" என்று விரட்டினான். முகம் தெரியாதவனிடம் ஏச்சு வாங்குவது இதுதான் முதல் தடவை. மறுநாள் கனடாவிலிருந்து ஒரு பெரியவர் பொறுமையாக எழுதியிருந்தார். புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தப்புதானாம். அந்தச் சதுர பேட்டரிக்குச் சத்தே கிடையாது. மோட்டார் கிளம்பும்போது ஒரே இழுப்பாகக் கரண்ட் கேட்கும், பேட்டரி தொய்ந்துவிடும், கூடவே சர்க்யூட்டும் மயங்கிவிடும். ஒற்றை மாட்டை லாரியில் பூட்டின கதைதான். மோட்டாருக்குத் தனியாக ஆறு வோல்ட் கொடுக்கச் சொல்கிறார். சர்க்யூட்டுக்கு அந்தச் சின்ன பேட்டரியே போதுமாம்.

எதற்காகச் செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ஒரு மனிதனுடைய சாப்பாட்டைப் பொம்மை மோட்டாரில் தொங்கவிடாதீர்கள் என்று பதில் வந்தது. எனக்கும் அது சரியென்றே படுகிறது. தங்கச்சி ஊட்டினால் உனக்கு என்னலே குறைச்சல்?

அன்புடன்,
ஐயாதுரை


ராஜபாளையம்
10.7.1997

அன்புள்ள ஐயாதுரைக்கு,

இது பொன்னுராஜ் கையெழுத்து. அவள் ஜெபக்கூட்டத்துக்குப் போன நேரத்தில் சொல்கிறேன். பதிலைப் பட்டறை விலாசத்துக்குப் போடு. வீட்டுக்கு வந்தால் அவள்தான் பிரித்துப் படிப்பாள்.

தேவகிருபைக்கு மார்பில் கட்டி. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா பார்த்ததுமே மதுரைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். மதுரையில் சதை எடுத்துப் பார்த்து, புற்று என்று சொல்லிவிட்டார்கள். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், பிறகு அங்கேயே தங்கிப் புற்றைக் கருக்குகிற கரண்ட் வைக்க வேண்டும், இரண்டு மாதமாவது ஆகும், தள்ளிப்போட்டால் பொறுப்பில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்களாம். இவள் தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

போ என்றால், "உங்களுக்கு யாரு ஊட்டுவா?" என்கிறாள். பொன்னுராஜ் சம்சாரம் முத்துப்பேச்சி, "சமைக்க, துடைக்க, புரட்டிப் படுக்கவைக்க நானாச்சு" என்கிறது. இவள் கேட்டால்தானே. போன வருஷம் இவள் காய்ச்சலில் கிடந்தபோது இவள் அக்கா எனக்கு ஊட்டினாள். அவசரத்தில் கஞ்சி மூச்சுக்குழலில் போய், நெஞ்சில் சளி கட்டி, என்னைச் சாவின் வாசல் வரை கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து என் தொண்டை தனக்கு மட்டும்தான் தெரியும் என்று பிடித்த பிடி. யார் கையையும் நம்பமாட்டாள்.

ஆக, யார் கையும் இல்லாமல் நான் சாப்பிட வேண்டும். புரையேறாமல், என் அளவில், என் கன்னம் அழுத்தினால் மட்டும் வருகிற கரண்டியில். அதைக் கண்ணால் பார்த்தால் போவாள். அதற்கு முன்னால் எதற்கென்று சொன்னால் செய்யவே விடமாட்டாள். என்னலே குறைச்சல் என்று கேட்டாயே, இதுதான் குறைச்சல்.

பேட்டரிக்குப் பதில் சுவரில் சொருகுகிற ஆறு வோல்ட் எலிமினேட்டர் ஒன்றைக் கடையில் வாங்கி மாட்டினோம். பெயர்தான் ஆறு. மீட்டரில் பத்துக்கு மேல் காட்டுகிறது. அதைப் பார்ப்பதற்குள் ஒரு மோட்டார் கருகிவிட்டது. வேறு அனுப்பு. சீக்கிரம்.

ராஜரத்தினம்


சிங்கப்பூர்
24.7.1997

ராஜரத்தினம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பாவி மக்கா, இதை நீ முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கக் கூடாதா? நானே கிளம்பி வந்து தங்கச்சியைக் கையைப் பிடித்து மதுரைக்குக் கூட்டிப்போவேன். பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறது, டிசம்பருக்கு முன்னால் விடமாட்டேன் என்கிறான்.

மூன்று மோட்டார் அனுப்பியிருக்கிறேன். கனடாப் பெரியவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பொம்மை மோட்டார் உபதேசத்தை எழுதவே இல்லை. அன்றைக்கே மூன்று தடவை பதில் போட்டார். எலிமினேட்டரைத் தூக்கி எறி. மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற ஆறு வோல்ட் பேட்டரி போதும். அதுதான் எத்தனை கரண்ட் கேட்டாலும் அசையாதாம். கரண்ட் கட் ஆனாலும் நிற்காது. பழைய ராஜ்தூத் பேட்டரி பொன்னுராஜிடம் இல்லாமலா போகும்? சார்ஜ் ஏற்றும்போது மட்டும் மோட்டாரைக் கழற்றிவிடு.

முக்கியமானது ஒன்று. இரண்டு பேட்டரியானாலும், இரண்டின் நெகட்டிவையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்களாம். அதனால் மறுபடியும் எழுதுகிறேன்: நெகட்டிவும் நெகட்டிவும் சேர வேண்டும்.

ஐயாதுரை


ராஜபாளையம்
11.8.1997

ஐயாதுரை,

மோட்டார் வந்தது. பேட்டரி கிடைத்தது. ஆனால் நெகட்டிவைச் சேர்க்கவில்லை. சேர்க்கவும் மாட்டேன்.

நீயும் நானும் ஒரே மில்லில் கரண்ட் லைன் பார்த்தவர்கள். இந்த லைன் கம்பியை அந்த லைன் கம்பியோடு சேர்க்காதே என்றுதான் நமக்குப் படிப்பே. அப்படிச் சேர்த்துவிட்ட அன்றைக்குத்தானே தவசிமுத்து போனான்? அவனைப் பேனலிலிருந்து பிரித்து எடுத்தது நாம் இரண்டு பேரும்தான். அந்த வாடை எனக்கு இன்னும் போகவில்லை. இது என் வாயில் வந்து நிற்கிற கரண்டி. கனடாக்காரர் நல்லவராக இருக்கலாம், நீ இங்கிலீஷைத் தப்பாகப் படித்திருந்தால்?

சேர்க்காமல் ஓட்டினோம். கை பேய் பிடித்த மாதிரி நாலு பக்கமும் அடித்தது. சூடான கஞ்சி இமையில் தெறித்துவிட்டது. தேவகிருபை சுவிட்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "இந்தச் சனியன் இனிமே இந்த வீட்டுல இருந்தா நான் இருக்கமாட்டேன்" என்று அழுதாள். பொன்னுராஜ் எல்லாவற்றையும் பட்டறைக்குத் தூக்கிப்போய்விட்டான். கனடாக்காரரிடம் இன்னொரு தடவை தெளிவாகக் கேட்டு எழுது. அதுவரை தொடமாட்டேன்.

ராஜரத்தினம்


சிங்கப்பூர்
28.8.1997

ஏலே ராஜரத்தினம்,

உன்னை என்னவென்று சொல்வது? உன் கடிதம் வர இரண்டு வாரம், இது போய்ச்சேர இரண்டு வாரம். ஒரு மாதத்தைச் சும்மா தின்றுவிட்டோம். கட்டி உன் கடிதத்துக்காகக் காத்துக்கொண்டா இருக்கும்?

நான் இங்கிலீஷைச் சரியாகத்தான் படித்தேன். இது மில் லைன் இல்லை, பேட்டரி. சர்க்யூட் மோட்டாருக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. போன கரண்ட் திரும்பி வர வழி வேண்டாமா? வழி இல்லையென்றால் மோட்டாருக்குச் செய்தி புரியாது, கண்டபடி அடிக்கும். பெரியவர் உன் தவசிமுத்து விஷயத்தையும் கேட்டுவிட்டு, "உங்கள் நண்பர் பயப்படுவது நியாயம். ஆனால் அந்தப் பயம் வேறு இடத்துக்கு உரியது" என்று எழுதினார். ஆளை வைத்துச் சோதிக்காதே. முதலில் தலையணையைக் கிடத்திப் பார்.

சேர்த்துக் கட்டுடா. காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

ஐயாதுரை


ராஜபாளையம்
14.9.1997

அன்புள்ள ஐயாதுரை அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். தேவகிருபை எழுதுவது. இந்தத் தடவை யாரும் சொல்லித்தரவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே பொன்னுராஜ் தம்பி பட்டறையில் வைத்து ஒயரைச் சேர்த்தது. தலையணைக்கு ஒரு நாள் பூராவும் வெறும் தண்ணீர் ஊட்டியது. பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தது. நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் தம்பி, "அக்கா, இது உங்களை மதுரைக்கு அனுப்புறதுக்குத்தான். அண்ணாச்சி உங்ககிட்ட சொல்லாதேன்னாவ" என்று உடைத்துவிட்டது. எனக்கு அவர்கள் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. என் கை சலித்துப்போச்சு என்றுதானே இத்தனை நாளும் நினைத்தேன்? ஆம்பளைகளுக்கு எதையும் நேராகச் சொல்லத் தெரியாதா?

நேற்று ரசஞ்சாதம் கரைத்து வைத்தேன். கரண்டி நடுங்காமல் வந்தது. வாயருகே நின்றது. விழுங்கும்வரை காத்திருந்தது. என்னைவிடப் பொறுமைதான் அண்ணா. ஒரு தடவைகூடப் புரை ஏறவில்லை. கிண்ணம் காலியானதும் என்னைப் பார்த்து, "இப்ப என்ன சொல்லுத?" என்றார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுக்களைக்குள் போய் அழுதேன் என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

திங்கட்கிழமை மதுரைக்குப் போகிறேன். முதுகிலும் இப்போது வலி இருக்கிறது. அதை உங்கள் சிநேகிதரிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். கனடாப் பெரியவருக்கு என் ஸ்தோத்திரத்தைச் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் ஜெபத்தில் சேர்த்துக்கொள்வேன்.

தங்கை,
தேவகிருபை


ராஜபாளையம்
2.11.1997

அன்புள்ள ஐயாதுரைக்கு,

பொன்னுராஜ் எழுதுகிறான்.

மதுரையில் ஆபரேஷன் செய்யவில்லை. படம் எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டதாம். வலிக்குக் கொஞ்ச நாள் கரண்ட் வைத்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆடி மாதமே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டதற்கு, டாக்டர் படத்தை உறையில் போட்டுக் கையில் கொடுத்தாராம். இதில் உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நெகட்டிவைச் சேர் என்று நீ இரண்டு தடவை எழுதியிருந்தாய்.

என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அவள் கட்டிலையும் போட்டிருக்கிறோம். முத்துப்பேச்சி கஞ்சி கொண்டுவந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நேற்று நான் ஏசினேன். அதற்கு அவள் சிரித்துக்கொண்டே, "நீங்க ஊட்டுங்க, சாப்பிடுதேன்" என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள். எனக்கு அது கேலியாகப் படவில்லை. இத்தனை வருஷம் ஊட்டியவளுக்கு ஒரு வாய் நான் கொடுத்ததில்லை.

அதனால் கேட்கிறேன். கட்டிலை ஒட்டிப் போட்டும் கரண்டி அவள் வாய்க்கு எட்டவில்லை. இன்னும் ஒரு முழம் வேண்டும். பட்டையை நீட்டினால் இந்த மோட்டார் தூக்காது என்று எனக்கே தெரியும். தூக்குகிற மோட்டார் எது, அதற்கு எத்தனை வோல்ட், என்ன பேட்டரி என்று அவரிடம் கேள். கடிதம் போட வேண்டாம். இது கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை மெயின் ரோட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசு. பொன்னுராஜ் காத்திருந்து எழுதிக்கொண்டு வருவான்.

ராஜரத்தினம்

அண்ணாச்சி, இது பொன்னுராஜ், நானா எழுதுதேன். பூத் நம்பர் பின்பக்கம் போட்டிருக்கு. டாக்டரம்மா வந்து பார்த்துட்டு, நாள் கணக்குதான்னு சொல்லிட்டாவ. அக்காவுக்குத் தண்ணிகூட சரியா எறங்கல. ராஜரத்தினம் அண்ணாச்சி அம்புட்டையும் பார்த்துக்கிட்டுத்தான் கெடக்காவ, எல்லாம் தெரியும். அக்கா சாப்பிடாத வேளையில அவியளும் சுவிட்சைத் தொடுறதில்ல. கஞ்சி ஆறிப்போய் அப்படியே இருக்கு. எவ்வளவு பெரிய மோட்டாரா இருந்தாலும் சரி, அனுப்பி விடுங்க. நீங்க அனுப்பிட்டீகன்னு சொன்னாத்தான் அவிய ரெண்டு வாயாவது சாப்பிடுவாவ.