கூரைக் கரியும் ஆறு டியூப்லைட்டும்

ஒக். 6, செவ்வாய்

பின்னேரம் முழுக்க மழை. கலஹா பஸ் ஒரு மணித்தியாலம் தாமதம். இப்போது எல்லோரும் தூக்கம். குப்பி லாம்புக்கு முன்னால் கணக்குக் கொப்பி மட்டையை மறைப்பாக வைத்து எழுதுகிறேன். அப்பா புரண்டு படுத்தால் அணைத்துவிட வேண்டும்.

தேயிலைத் தோட்டத்து மண்டபத்துக்கு ஃபெக்டரியிலிருந்து கரண்ட் இழுத்தாயிற்று. எங்கள் சாதாரண தர (ஓ.எல்.) பரீட்சைக்கு அங்கே இரவு வகுப்பு. அப்பா தோட்டத் தொழிலாளர் தலைவர். இன்றைய கூட்டத்தில் அவர் சொன்னது: "வெளிச்சம் பத்தாத எடத்துக்குப் பொம்பளப் புள்ளைங்கள அனுப்ப ஏலாது. சனிக்கிழமை கடைசி பெஞ்சுல நின்னு பேப்பர் வாசிச்சுப் பாப்பேன். முடியாட்டி பயலுக மட்டும் படிக்கட்டும்."

எத்தனை டியூப்லைட் என்று ஃபெக்டரி எலெக்ட்ரீஷியன் மணி அண்ணன் கேட்டிருந்தார். தாளில் போட்டுக் கொடுத்தேன். "எங்க கணக்கு சார் போட்டது" என்று பொய். நான் போட்டது என்றால் யார் நம்புவார்கள்?

கண்டி நூலகப் புத்தகத்தில் பார்த்தபடி:
மண்டபம் 9 மீ. × 4 மீ. = 36 ச.மீ.
வாசிக்க 200 லக்ஸ், அதாவது ஒரு ச.மீ.க்கு 200 லூமன் வெளிச்சம். 36 × 200 = 7200 லூமன்.
ஒரு டியூப் 2500. அதில் மேசைக்கு வந்து சேர்வது 0.6 பங்கு. தூசுக்கும் பழசாவதற்கும் 0.8. ஆக 1200.
7200 ÷ 1200 = 6. மீதியே இல்லை. அழகு.

ஒக். 8, வியாழன்

பனிமூட்டம். விஞ்ஞானத்தில் 71. செருப்பு வார் அறுந்தது.

டியூப் ஆறும் மாட்டியாயிற்று என்று பார்க்கப் போனேன். நிமிர்ந்து பார்த்தேன். கூரைத் தகரம் கன்னங்கரேல். மழைக்காலக் கல்யாணத்துக்கெல்லாம் உள்ளேயே விறகடுப்பு மூட்டுகிறோம், எத்தனை வருடக் கரி. நான் எடுத்த 0.6 வெள்ளைக் கூரைக்கு. கறுப்புக்கு 0.4. அப்படியென்றால் ஒரு டியூப்புக்கு 800தான். 7200 ÷ 800 = 9.

மூன்று குறைகிறது. நாளை மறுநாள் சனிக்கிழமை.

ஒக். 9, வெள்ளி

மணி அண்ணனிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கணக்கு யாருடையது என்பதையும். சிரித்தார். "தெரியும்மா. ஒங்க சார் எழுத்து இவ்வளவு அழகா இருக்காது. கல்யாணத்துக்குக் கரி தெரியாம கூரைக்கடியில வெள்ளைத் துணி கட்டுறோம்ல? டோபி வீட்டுல போய்க் கேளு."

டோபி மகள் சாந்தி என் வகுப்பு. "வெள்ளை கட்டணும்னா மாப்பிள்ளை யாருன்னு எங்கப்பா கேப்பாரே" என்றாள்.

"டியூப்லைட்டுன்னு சொல்லு."

சிரித்துச் சிரித்து விக்கல். பயம் மட்டும் போகவில்லை.

ஒக். 10, சனி

மழை இல்லை. இருட்டியதும் மண்டபம் நிறைய ஆட்கள். கூரை முழுக்க வெள்ளைச் சீலை, கீழே ஆறு டியூப்.

அப்பா கடைசி பெஞ்சருகே நின்று பேப்பரில் மரண அறிவித்தலை வாசித்தார். பொடி எழுத்து. ஓரிடத்திலும் தடுமாறவில்லை. கைதட்டினார்கள். அவர் மேலே பார்த்தார்.

"நாளைக்கு வெள்ளையக் கழட்டினா?"

மணி அண்ணன் என்னைப் பார்த்தார். என் வாய்தான் பேசியது. "அப்ப ஒம்பது டியூப் வேணும்ப்பா. இல்லாட்டி கரியச் சொரண்டிட்டு சுண்ணாம்பு அடிச்சா ஆறே போதும்."

"சார் சொன்னாரா?"

"இல்லப்பா. கணக்கு நான் போட்டது. கரியத்தான் சேக்க மறந்துட்டேன்."

அப்பா பேப்பரை நாலாக மடித்தார். சாந்தியின் அப்பாவிடம், "சுண்ணாம்பு அடிக்கிற வரைக்கும் வெள்ளை இருக்கட்டும்" என்றார். பிறகு எல்லோருக்குமாக: "இனி கல்யாணச் சமையல் வெளிய. மழைன்னா தகரப் பந்தல் போடுங்க."

வீட்டு வாசலில் அப்பா கேட்டார், "அந்தத் தாள் எங்க?"

கொப்பியிலிருந்த பிரதியைக் கிழித்துக் கொடுத்தேன். லாம்பருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவருக்கு அது விளங்காது. திருப்பித் தரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கள் ஆறரைக்கு வகுப்பு. நானும் சாந்தியும் கடைசி பெஞ்ச்.