சுருக்கிச் சொன்னது

அக்டோபர் 9

இன்று பள்ளியில் மாணவி சாகலுக்காகக் கூட்டம். அவள் அம்மா உபா, வான்கோழி இறைச்சி ஆலை வேலைக்குப் போகிற அவசரத்தில் ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தாள். வழக்கம்போல பள்ளியின் சார்பில் நான்தான் சோமாலி மொழிபெயர்ப்பு. “ஹிபாக் இருக்கா, எனக்கென்ன பயம்? நம்ம பொண்ணு” என்று சோமாலியில் சொல்லி என் கன்னத்தைக் கிள்ளினாள்.

பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு, தனி வகுப்பில் போட வேண்டும் என்றார் முதல்வர் மிஸ் கார்ல்சன். பிறகு பெற்றோரின் உரிமைகளை நீளமாக வாசித்தார். உபா கடிகாரத்தைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். “கூடுதல் உதவி கிடைக்கிற வகுப்பு, அக்கா. பிடிக்கலன்னா அப்புறமா சொல்லிக்கலாம்” என்று நான் முடித்துவிட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள்.

அக்டோபர் 10

குறைபாடு என்ற வார்த்தையை நான் வாயிலேயே எடுக்கவில்லை. எங்கள் சோமாலி ஆட்களிடம் அதை எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை தொழுகை முடிவதற்குள் மினசோட்டா முழுக்கப் பரவிவிடும். நாளைக்கு அந்தப் பெண்ணை யார் கட்டுவான் என்பார்கள். நல்லதுக்குத்தானே மறைத்தேன்?

அது மட்டும்தானா, ஹிபாக்? மிஸ் கார்ல்சன் முகம் சுளிப்பாரே என்ற பயம் இல்லையா?

அக்டோபர் 29

சாப்பாட்டு நேரத்தில் சாகல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அத்தை, அந்தத் தனி வகுப்புல மாடு படத்துக்குக் கலர் அடிக்கச் சொன்னாங்க. பச்சை அடிச்சேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதானே நினைக்கிறாங்க, நல்லா நினைக்கட்டும்!”

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“என் பழைய வகுப்புல பின்னம் நடத்துறாங்களாம். அதை நான் நைரோபியில நம்ம சோமாலிப் பள்ளிக்கூடத்துலயே படிச்சாச்சு. என்னை எப்ப திருப்பி அனுப்புவாங்க?”

தட்டிலிருந்த சம்பூசாவை, எங்கள் ஊர் சமோசாவை, பிட்டுப் பிட்டு வைத்தேன்.

நவம்பர் 4

அன்று மிஸ் கார்ல்சன் வாசித்த உரிமைகள் எல்லாம் நினைவிருக்கிறது. பிள்ளையை அவள் தாய்மொழியில் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். அம்மா சம்மதிக்காமல் தனி வகுப்பில் போட முடியாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். சாகல் அமெரிக்காவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவளை ஆங்கிலத்தில் மட்டுமே சோதித்திருக்கிறார்கள். ஆங்கிலம் தெரியாததுதான் அவள் குறை. சட்டம் இதைக் குறைபாடு என்று ஒத்துக்கொள்ளாது. இதையெல்லாம்தான் உபாவிடம் சொல்லாமல் நான் முழுங்கிவிட்டேன்.

நவம்பர் 5

சாகலைச் சோமாலியில் சோதிக்கலாமே என்று துணிந்து மிஸ் கார்ல்சனிடம் பேசினேன். “நீங்க மொழிபெயர்க்க வந்தவங்க, ஹிபாக். ஆலோசனை சொல்ல இல்ல” என்றார், புன்னகை மாறாமல். தலையாட்டிவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது. நாளைக்கு உபாவிடமே சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 6

சொல்லவில்லை.

நவம்பர் 23

உபா போனில் கூப்பிட்டாள். பள்ளிவாசலில் ஒரு வக்கீல் அம்மா வந்து பெற்றோர்களுக்கு அவர்களுடைய பள்ளி உரிமைகளை எல்லாம் விளக்கினாராம்.

“அன்னைக்கு அவங்க இதைச் சொன்னாங்களா, ஹிபாக்?”

“சொன்னாங்க, அக்கா.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“உங்க மனசு நோகுமேன்னு...” என்று இழுத்தேன்.

“என் மனசு நோகுறது இருக்கட்டும். என் பொண்ணு அங்க உக்காந்து மாட்டுக்குக் கலர் அடிச்சிட்டு இருக்கா. வெள்ளைக்காரங்க செஞ்சாங்கன்னா சண்டை போடுவேன்டி. உன்கிட்ட என்னத்தைப் போடுறது?”

ஐயோ, திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போனை மெதுவாக வைத்துவிட்டாள்.

டிசம்பர் 11

உபா கேட்டு மறுபடி கூட்டம். நான் போய் உட்காரப் போனேன். மிஸ் கார்ல்சன் கதவருகில் நிறுத்தினார். “அம்மா வேற மொழிபெயர்ப்பாளர் கேட்டிருக்காங்க. அது அவங்க உரிமை.”

வெளியே நின்றேன். போன் ஸ்பீக்கரில் எங்கிருந்தோ ஒரு ஆள் சோமாலியில் ஒவ்வொரு வரியாகச் சொன்னான். குறைபாடு என்பதையும் சொன்னான். உபா இடைமறித்து இடைமறித்துக் கேள்வி கேட்டாள். இத்தனை கேள்விகள் அவளிடம் இருந்திருக்கின்றன. கூட்டம் வெகுநேரம் நடந்தது, யாரும் செத்துப்போகவில்லை.

டிசம்பர் 16

சாகல் பழைய வகுப்புக்குத் திரும்பிவிட்டாள். சோமாலியில் சோதிக்கவும் ஆள் வருகிறார். காலையில் நடைவழியில் எதிரே வந்தாள், பையைத் தூக்கிக்கொண்டு, முகமெல்லாம் வெளிச்சமாக. “எப்படிடா இருக்க?” என்று சோமாலியில் கேட்டேன்.

“குட் மார்னிங், மிஸ்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.