கண் அசையாமல் ஒரு படம்

1964 ஜூலை 6, திங்கள்

விடாத தூறல். துணி எதுவும் காயவில்லை. சமையலறைக் கொடியில் அவர் வேட்டி இரண்டு, ஈர வாசனை.

கண் டாக்டரம்மா இன்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருடைய வலது கண் சின்ன வயதில் கிட்டிப்புள் பட்டுப் போனது. இருக்கும் இடது கண்ணில் புரை முற்றி வெள்ளையாக மூடிவிட்டது. உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை.

"பின்னாடி விழித்திரை ஒட்டிக்கிட்டு இருந்தா புரையை எடுத்துடலாம். பிரிஞ்சு போயிருந்தா ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனமில்லம்மா. சும்மா அவரை நோக அடிக்கிறதுதான்."

டார்ச் அடித்தால் எந்தப் பக்கம் என்று ஒரு நாள் சரியாகச் சொல்கிறார், ஒரு நாள் தப்பு.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வார்ப்பிரும்புக்குள் விரிசல் தேடும் கருவி இருக்கிறது. காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பும். அது எங்கே மோதித் திரும்புகிறதோ, அந்த இடத்துக்குத் திரையில் ஒரு முனை எழும்பும். கண்ணுக்குள்ளும் அனுப்பிப் பார்க்கலாமா என்று கேட்டேன். வெளிநாட்டில் செய்வதாகப் படித்திருக்கிறேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "படம் தெளிவா இருந்தா நம்பறேன்."

ஜூலை 11, சனி

மேலதிகாரி அனுமதி கொடுத்தார். மதியம், எல்லோரும் போன பிறகு. சொட்டு மருந்து விட டாக்டரம்மாவே வந்தார். என் வீட்டுக்காரரை மேஜைமேல் படுக்கவைத்து, நீச்சல் கண்ணாடியின் சட்டத்தைக் கண்ணைச் சுற்றி ஒட்டி, அதில் உப்புத் தண்ணீர். கேமராவும் இருட்டறையும் ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லா பொறுப்பு. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து சனிக்கிழமை பைபிள் வகுப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

திரை முழுக்கப் புல். அடியில் நடுங்கும் இரைச்சலை நாங்கள் அப்படித்தான் சொல்வது. கண்ணின் பின்பக்கத்து எதிரொலி மெலிசு. குமிழைத் திருகி அதை வளர்த்தால் புல்லும் கூடவே வளர்கிறது.

"அக்கா, இது சார் கண்ணா, கப்பன் பார்க்கா?"

அவர் படுத்தபடியே, "மாடு வேணும்னா மல்லேஸ்வரத்திலேர்ந்து ஓட்டிட்டு வரட்டுமா?"

படம் உபயோகமில்லை.

ஜூலை 14, செவ்வாய்

எதிரொலியை வளர்க்கும் பெருக்கியில் ஒரு கம்பிச்சுருளை மாற்றினேன். வேண்டிய அலைவரிசையை மட்டும் விடும், மற்றதைத் தடுக்கும். சாயங்காலம் அவரை மறுபடி படுக்கவைத்து எடுத்தோம். புல் படுத்துவிட்டது. பின்னால் ஒரே முனை, தடியாக. ஒரே முனை என்றால் விழித்திரை ஒட்டியிருக்கிறது.

பஸ்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்ன, கூட்டமா?" என்றார். ஆமாம் என்றேன். காலி பஸ்.

சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. அந்தச் சுருள் புல்லை அமுக்கும், முனைகளையும் மழுக்கும். நெருங்கி நிற்கும் இரண்டு முனை ஒன்றாகச் சேர்ந்து ஒரு தடித்த முனையாகத் தெரியும். இரும்பின் படமாக இருந்தால் அப்போதே கிழித்துப் போட்டிருப்பேன். கிழிக்கவில்லை. கைப்பையில் வைத்திருக்கிறேன்.

அவர் கடைசியாகப் பார்த்த கமலா வேறு, இப்போதைய நான் வேறு. அதுவும் எங்கே பார்த்தார். காலையில் தினசரி, சாயங்காலம் அதே தினசரியின் மிச்சம். அதன் மேல்விளிம்புக்கு மேலே அவர் நெற்றியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை நிமிர மாட்டாரா என்று. இப்போதும் அதே ஆசைதான், வயதாகிவிட்டது எனக்கு, ஆசைக்கு ஆகவில்லை.

ஜூலை 16, வியாழன்

பழைய சுருளையே போட்டேன். வேறு வழி: திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, கேமராவை நெடுநேரம் திறந்து வைப்பது. ஒரே பிலிமில் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். நிஜமான முனை ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் விழுந்து அழுத்தமாகும். புல் தடவைக்கு ஒரு மாதிரி ஆடும், கலைந்து போகும். உருக்குத் துண்டில் எடுத்தேன். அழகு.

அவர் கண்ணில் எடுத்தால் முனைகளே கலைந்துபோய்ப் புகை மாதிரி.

"சார், கண்ணை ஆட்டாதீங்க."
"நான் எங்கம்மா ஆட்டறேன்?"

காரணம் நான். குமிழிலிருந்து கேமராவுக்கும் கேமராவிலிருந்து குமிழுக்கும் நடந்துகொண்டே, "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று பேசுகிறேன். அந்த வெள்ளைக் கண் குரல் போகும் பக்கமெல்லாம் என் பின்னால் வருகிறது. அவருக்கே தெரியவில்லை.

நாளை: பிலிம் சுருள், உப்பு, அவர் செருப்பு தைக்க.

ஜூலை 18, சனி

வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். கண் என்னைத் தேடி அலைந்தது, இன்னும் மோசம். ஆகவே ஒரே இடத்தில் நின்று பேசுவது, குமிழையும் ஸ்டெல்லாவே பார்ப்பது.

"பேசிக்கிட்டே இருங்கக்கா, நிறுத்தாதீங்க."

பால் விலை, பக்கத்து வீட்டு ரேடியோ, ஒழுகுகிற ஓடு. தீர்ந்துவிட்டது. பிறகு என்னவோ, எனக்கு மூக்குக்கண்ணாடி வந்ததைச் சொன்னேன். கறுப்புச் சட்டம், வாத்தியாரம்மா மாதிரி. வகிட்டுக்கு இடது பக்கம் நரை. கன்னம் ஒட்டிப்போச்சு. புடவை இன்றைக்கு ஊதா. இதையெல்லாம் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை, தெரியவில்லை.

கண் என்மேல் நின்றது. அசையவே இல்லை.

"சிரிக்காதீங்க சார், எல்லாம் ஆடுது," என்று ஸ்டெல்லா அதட்டினாள். 

ஜூலை 20, திங்கள்

மழை விட்டிருக்கிறது. பிலிம் கழுவி வந்தது. புல்லே இல்லை. பின்னால் இரண்டு முனை. கண்ணின் பின்சுவர், அதற்குக் கொஞ்சம் முன்னால் தனியாக விழித்திரை. நடுவில் சுத்தமான இடைவெளி.

நான் எடுத்த படங்களிலேயே இதுதான் சிறந்தது. புல் இருந்த வரைக்கும் அதற்குள் எதை வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது.

கைப்பையில் இருந்த அந்த இன்னொரு படத்தையும் டாக்டரம்மாவிடம் கொடுத்தேன், ஏன் தப்பு என்று சொல்லித்தான். இரண்டையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். "பிரிஞ்சு ரொம்ப நாளாச்சு. இனிமே ஒட்டவும் முடியாது. வேண்டாம்மா." கன்னடத்திலும் அதையே சொன்னார்: "பேடம்மா, ஆபரேஷன் பேட."

வீட்டில் அவரிடம் சொன்னேன். 

"படம் நல்லா வந்துதா?"

"ரொம்ப நல்லா."

"ம்." வேட்டி நுனியை மடித்தார், பிரித்தார். "கமலா, அந்த நரை எந்தப் பக்கம்னு சொன்னே?"

அடுப்பில் பால். சொல்ல ஆரம்பித்தேன். கண் மெதுவாக வந்து என்மேல் நின்றது. பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. நான் நகரவில்லை.