காகித மீனுக்குள் மிட்டாய் வேண்டாம்

ஏங்க,

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

நம் குட்டிப்பெண்ணுக்காக நீங்கள் மடித்த காகித மீன்களைப் பிரித்து, உள்ளேயிருந்த மிட்டாய்களை எடுத்துவிட்டேன். கோபப்படாதீர்கள். இனி அவளுக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டார். அதை உங்களிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. "பிள்ளைக்கு வீணா ஆசை காட்டாதீங்க" என்று கத்தினேனே, அதனால்தான்.

ஆனால் நேற்று நான் அங்கிருந்து கிளம்பும்போது, "நாளைக்கும் அப்பா மீன் கொண்டு வருவாராம்மா?" என்று கேட்டாள். மிட்டாய்க்குப் பதில் பாசிமணி போட்டிருக்கிறேன். மீன்களின் வயிற்றை நீங்களே ஒட்டிக் கொண்டுவாருங்கள்.

பி.கு.: பசை தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். நேற்றைய மீனைப் பிரிக்க அவள் விரலில் பலமில்லை; நான்தான் கிழித்தேன். அவளே கிழித்ததாக உங்களிடம் சொல்லச் சொன்னாள்.