ஆறுதல் பரிசு

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய அத்தானுக்கு,

உங்கள் திவசம் போன கிழமை முடிந்தது. பத்திரிகைக்கு நினைவஞ்சலி ஒன்று எழுதித் தரும்படி அக்கா கேட்டாள். பத்திரிகை இப்போது பிள்ளைகளின் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகிறது. அதில் இடம் பிடிப்பதே பெரும்பாடு. வழக்கமான நாலு வரி போதும் என்றாள். எனக்கு அந்த நாலு வரி வரவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு.

எப்போதாவது இதை எடுத்து வாசிக்கிறவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மிருக வைத்தியர், என் அக்காவைக் கலியாணம் முடித்தவர். நான் விஞ்ஞானப் பட்டம் வைத்துக்கொண்டு காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் கிளாக்கராகவே தேய்ந்தவன். ஆலை நின்று, ஊரை விட்டு எழும்பி, இப்போது உடுப்பிட்டியில் உங்கள் வீட்டில்தான் இருக்கிறேன். உங்கள் சாய்மனைக் கதிரையில் நான் இருப்பது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. நானும் எழும்பவில்லை.

சண்டை நின்றிருக்கிறது. எவ்வளவு நாளைக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் தொடங்கிவிடுமோ என்ற பயம். மண்ணெண்ணெய் கொஞ்சம் கிடைக்கிறது. நீங்கள் இருந்தபோது கிளாலிக் கடலுக்கு அந்தப் பக்கமே நின்றுபோன உங்கள் சீனி வருத்த ஊசிமருந்தும் இப்போது மருந்துக்கடைக்கு வந்திருக்கிறது. அதை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. சொல்லி என்ன?

சண்டை நின்றதும் எங்கள் பக்கத்தில் முதலில் திரும்பி வந்தது மாட்டுவண்டிச் சவாரி. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சவாரிச் சங்கத்தில் நீங்கள் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த காலம் நினைவிருக்கிறதா? எங்கேயோ கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை எனக்கும் காட்டினீர்கள். நாள் முழுக்கக் குதிரையில் ஓடுகிற நெடுந்தூர ஓட்டம். இடையிடையே மறித்து, மிருக வைத்தியர் குதிரையின் நெஞ்சுத் துடிப்பைப் பார்ப்பார். துடிப்பு இறங்காத குதிரை எவ்வளவு முன்னால் வந்தாலும் அதோடு நிற்க வேண்டியதுதான். ஓடி முடிந்த பிறகும் இன்னும் ஓடக்கூடிய நிலையில் நிற்கிற குதிரைக்கே வெற்றி. "இதிலை குதிரைதான் முதல் ஆள். மேலை இருக்கிறவன் பிறகு" என்றீர்கள்.

எங்கள் மாடுகளுக்கு அவ்வளவு தூரம் இல்லை. திடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. ஆனால் அந்தக் கொஞ்சத் தூரத்துக்குள் என்னவெல்லாம் செய்தார்கள்? மாட்டை அடிக்கிற துவரங்கேட்டியின் நுனியில் ஆணி. வாலை முறுக்கிப் பல்லால் கடிப்பது. சிலர் ஓட்டத்துக்கு முன் மாட்டுக்குச் சாராயம் பருக்கினார்கள்.

உங்கள் சட்டம் சின்னது. ஓடி முடிந்த சோடியை வேப்பமரத்தடியில் ஆறவிட வேண்டும். ஒரு சுருட்டுப் புகைத்து முடிகிற நேரம். பிறகு நீங்கள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்ப்பீர்கள். தோலில் ஆணி ஏறியிருந்தாலோ நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருந்தாலோ பரிசு இல்லை. அந்த நேரத்துக்கு 'ஆறுதல்' என்று பேர் வைத்தீர்கள். 'ஆறுதலுக்குப் பின்னரே பரிசு' என்று நோட்டீசிலும் போட்டீர்கள். அங்கேதான் பிழைத்தது, அத்தான். தமிழில் வேறு சொல்லே கிடைக்கவில்லையா உங்களுக்கு?

"அப்ப முதற் பரிசும் ஆறுதல் பரிசுதானோ, டாக்குத்தர் ஐயா?" என்று சங்கச் செயலாளர் கதிர்காமு கேட்டார். திடலே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஓட்டத்துக்கு ஆட்கள் முழங்கை மொத்தத்தில் சுருட்டுச் சுற்றிக்கொண்டு வந்தார்கள், மாடு ஆற நேரம் கூடக் கிடைக்குமென்று. அதற்கும் சிரித்தீர்கள். "நல்லதுதானே, மாடு கூட நேரம் நிழல்லை நிக்கும்" என்றீர்கள்.

அந்த வருடம்தான் துரைராசாவின் சோடி முதலாவதாக வந்தது. இடப்பக்கத்து மாட்டின் நெஞ்சு அடங்கவில்லை. நீங்கள் தலையை ஆட்டிவிட்டீர்கள். அத்தனை பேருக்கு முன்னால் அவன் சொன்னான்: "குழாய் பழுதாக்கும். மாடு ஓடப் பிறந்தது. நீங்கள் போய்ப் பூனைக்கு ஊசி போடுங்கோ." நீங்கள் குழாயைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தீர்கள். "வெய்யிலுக்கை நிப்பாட்டாதை, துரை. தண்ணி காட்டு" என்றீர்கள். அவ்வளவுதான்.

உங்களுக்கு அது அவ்வளவுதான். நான் அன்றையிலிருந்து அவனோடு கதைக்கவில்லை. ஒழுங்கையில் சைக்கிளில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "உன்ரை கோபத்தையும் ஒருக்கா மரத்துக்குக் கீழை கட்டி ஆறவிடன்" என்று நீங்கள் பகிடி பண்ணினீர்கள். நான் விடவில்லை. பிறகு சவாரியும் இல்லை, திடலில் மாடும் இல்லை. பிறகு நீங்களும் இல்லை.

இந்த வருடம் பட்டிப் பொங்கலுக்கு முன் கதிர்காமு நோட்டீசும் கையுமாக வந்தார். முகமெல்லாம் பெருமை. வாசித்துப் பார்த்தேன். முதற் பரிசு கடைக்காரர் ஒருவருடையது. இரண்டாம் பரிசு இன்னொருவருடையது. அடியில், கடைசியாக வரும் சோடிக்கு, உங்கள் பேரில் 'ஞாபகார்த்த ஆறுதல் பரிசு'.

"அவருக்கு ஆறுதல் பரிசெண்டால் உயிரெல்லே" என்றார் கதிர்காமு. அந்த மனிதர் நக்கலடிக்கவில்லை, அத்தான். உண்மையாகவே அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறார். நீங்கள் அத்தனை வருடம் கத்தியதில் இவர்களிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல், அதுவும் தலைகீழாக.

மாட்டை ஆறவிட்டுப் பார்க்கிற சட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "இப்ப ஆளுக்கே மருந்தில்லை. மாட்டுக்கு ஆர் ஐயா குழாய் வைக்கிறது?" என்றார்.

உங்கள் பேரை எடுத்துவிடச் சொல்லப்போனேன். ஆணி ஏறிய மாட்டுக்கு உங்கள் பேரில் ஒரு கோப்பை போகக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அக்கா குசினிக்குள்ளிருந்து வந்தாள். "பேர் நிக்கட்டும். குடுக்கிறது எங்கடை வீட்டு ஆள்தானே? நீ பாத்துக் குடு" என்றாள். அலுமாரியைத் திறந்து உங்கள் குழாயை எடுத்து என் மடியில் போட்டாள். நான் மாட்டைத் தொட்டும் பழக்கமில்லாதவன் என்று அவளுக்குத் தெரியும்.

குழாயைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திடலில் முடிவுக் கோட்டடியில் நின்றேன். முதலாவதாக வந்த சோடியின் பின்பக்கமெல்லாம் மஞ்சள் அப்பியிருந்தது. மஞ்சளுக்குள்ளால் சிவப்பு ஊறி வந்தது. என்ன இது என்று உடையவனைக் கேட்டேன். "பட்டிப் பொங்கலுக்குப் பூசினது, ஐயா" என்றான். மாடு வாயைத் திறந்து நுரை தள்ளிக்கொண்டு நிற்க, அதன் கழுத்தில் மாலை போட்டார்கள். என்னிடம் என்ன அதிகாரம் இருந்தது? முதல் மாடு கடைக்காரருடைய பரிசுக்கு உரியது. கடைசி மாடு மட்டும்தான் என்னுடையது.

கடைசியாக வந்தவன் துரைராசா.

கையில் துவரங்கேட்டி இல்லை. கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தான். தலை நரைத்துவிட்டது. "கலியாணப் பொம்பிளை எங்கை, துரையண்ணை? ஊர்வலம் மட்டும் போகுது" என்று கரையில் நின்றவர்கள் கூவினார்கள். அவன் கடைசியாக வந்ததில் எனக்குச் சந்தோசம் வந்தது. ஆறுதல் பரிசை அவனுக்குக் கொடுக்கப்போவது நான் என்றதும் அது இன்னும் கூடியது. உங்களிடம் மறைத்து என்ன பயன்?

ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அவன் மேடைக்கு வரவில்லை. வேண்டாம் என்று கீழே நின்றே சொன்னான்.

"வெக்கப்படாதை, துரை. டாக்குத்தற்றை பேரிலை தாறது" என்றார் கதிர்காமு.

"அவர்ரை பேர் எண்டபடியால்தான் சொல்லுறன். மாடு இன்னும் ஆறேல்லை."

சிலர் சிரித்தார்கள். கதிர்காமுவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. கோப்பையோடு மேடையிலிருந்து இறங்கி அவன் பின்னால் போனேன்.

அதே வேப்பமரம். கிளையொன்று ஷெல் பட்டு முறிந்திருக்கிறது; நிழல் கொஞ்சம் குறைவு. அவன் மாடுகளை அவிழ்த்து, தண்ணீர் காட்டி, சுருட்டைப் பற்றவைத்தான். சுருட்டு முடிந்ததும், "பாருங்கோ, கிளாக்கர்" என்றான்.

முதலில் தோலைப் பார்த்தேன். ஆணி பட்ட இடம் ஒன்றும் இல்லை. பிறகு முன்னங்காலுக்குப் பின்னால், நீங்கள் வைக்கிற இடத்தில், குழாயை வைத்தேன். தூரத்தில் யாரோ உரலில் இடிக்கிற மாதிரிக் கேட்டது. அது வேகமா, ஆறுதலா? எனக்குக் கணக்குத் தெரியாது என்றேன்.

"எனக்கும் தெரியாது. கேட்டுக்கொண்டு நிக்கேக்கை அவர்ரை முகம் இறுகியிருக்கும். பிறகு இளகும். நாங்கள் அதைத்தான் பாக்கிறனாங்கள்."

"என்ரை முகம்?"

"உங்கடை முகம் எந்த நாளும் உப்பிடித்தானே" என்றான். "மாடு அசை போடத் துவங்கீட்டுது. இது காணும், ஆறீட்டுது."

கோப்பையை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினான். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "அண்டைக்கு அந்த இடப்பக்கத்து மாடு வீடு போய்ச் சேரேல்லை. ஒழுங்கையிலை விழுந்திட்டுது. அவரிட்டைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

நீங்கள் அறிந்திருந்தீர்களா, அத்தான்? அறிந்துகொண்டுதான் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தீர்களா? இனி யாரிடம் கேட்பது?

அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பூனைக்கு ஊசி என்று சொன்னது சொன்னதுதான். நேற்று ஒழுங்கையில் எதிரே வந்தான். முகத்தைத் திருப்பவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை முதற் பரிசும் ஆறுதலுக்குப் பின்னர்தான் என்று கதிர்காமுவுக்குச் சொல்லியிருக்கிறேன். "பாப்பம்" என்றார். எங்கள் ஊரில் அதற்கு இல்லை என்றுதான் பொருள். இருக்கட்டும். அடுத்த பொங்கலுக்குத் திடலும் மாடுகளும் நானும் மிஞ்சியிருந்தால், அந்த மரத்தடியில் ஒரு வாங்கு போட்டு உட்கார்ந்திருப்பேன். ஆராவது ஒருவன் மாட்டைக் கொண்டுவந்தால் கை வைத்துப் பார்ப்பேன். வராவிட்டாலும் இருட்டும்வரை இருப்பேன். உங்கள் குழாயை நான் அலுமாரிக்குள் திருப்பி வைக்கவில்லை.

இன்னும் ஆறாத,
உங்கள் மச்சான்