பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி

மாமா,

நேற்று முதலாளி வந்து உங்கள் டூல்ஸ் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனதும் திறந்தேன். பெட்ரோலும் கிரீசும் கலந்த உங்கள் சட்டை வாசனை. ஸ்பேனர்களுக்கு அடியில் வட்டமாக வெட்டிய பச்சைத் துணி ஒன்று, பின்பக்கம் வெள்ளித்தாளோடு. என் ரவிக்கைத் துணிதான். இதையா இத்தனை நாள் வைத்திருந்தீர்கள்?

திண்டிவனத்தில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்த உங்களை, ஒலக்கூர் பக்கம் நிலம் வைத்திருந்த முதலாளி தன் குட்டி விமானத்துக்கு இன்ஜின் பார்க்கக் கூப்பிட்டார். இரண்டு பேர் உட்காரும் விமானம். அவர் ஓட்டுவார், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஏரியையும் உப்பளத்தையும் படம் பிடிப்பீர்கள். நீங்கள் இறங்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

பிறகுதான் விமானத்தில் வைக்க அந்தச் சின்னப் பெட்டி வந்தது. அதற்கு அனுமதி வாங்கவே மாதக்கணக்கில் அலைந்தார் முதலாளி. சோப்பு டப்பா அளவுதான். நீங்கள் இருக்கும் இடத்தை அது சாட்டிலைட்டுக்குச் சொல்லும், அங்கிருந்து நம் வீட்டு போனுக்கு வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேப்பில் ஒரு புள்ளி விழும்.

“எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதே மாமா.”

“உன்ன யாரு படிக்கச் சொன்னது? புள்ளி வருதா இல்லியான்னு பாத்துக்கினு இரு. மூணு புள்ளி வரலன்னா பிளேன் ஷெட்டு வாட்ச்மேனுக்குப் போன் பண்ணு. டெய்லி வாசல்ல புள்ளி வெக்கிறவதான நீ.”

அன்றிலிருந்து அடுப்பு மேடையில் போனைச் சாய்த்து வைத்துத்தான் சமைத்தேன்.

ஒரு சித்திரையில், பெட்டி வெயிலில் தொட முடியாமல் சுடுகிறது என்றீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். மிச்சமிருந்த ரவிக்கைத் துணியில் உறை தைத்தேன். சூடு இறங்காமலிருக்க, ஓட்டலில் பொட்டலம் கட்டும் வெள்ளித்தாளை உள்ளே இரண்டு மடிப்பாக வைத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனீர்கள்.

ஷெட்டில் ஒரு புள்ளி விழுந்தது. அதற்கப்புறம் இல்லை. இரண்டாவது வரவில்லை, மூன்றாவதும் நான்காவதும் வரவில்லை. வாட்ச்மேனுக்குச் சொன்னேன். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு மரக்காணம் ரோட்டில் தேடிப் போனார். நான் தரையில் உட்கார்ந்து போனையே பார்த்தேன். ரசம் வற்றி, பாத்திரம் கருகிப்போனது. அணைக்கத் தோன்றவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து உங்கள் குரல்.

“எறங்கிட்டோம்டி. ஒண்ணுமில்ல.”

சாயந்திரம் வந்து, பையிலிருந்து உறையை எடுத்துக் காட்டினீர்கள்.

“பிரியாணி பொட்டலம் மாதிரி கட்டிட்டியே. ஷெட்ல உறைய மாட்டுற வரிக்கும் பேசிச்சு. வெள்ளித்தாளுக்குள்ள வெச்சா அது எப்பிடி மேல பேசும்?”

புரிந்ததும் அழுகை நிற்கவில்லை.

“எதுக்குடி அழுவுற? பெட்டி சுவிட்சு போட மறந்துட்டேன்னு சார்கிட்ட சொல்லிட்டேன். ஒரு மாசம் ஏறக் கூடாதுன்னுட்டாரு. ஜாலியா ஊட்ல இருக்கப் போறேன்.”

ஜாலியாக இல்லை நீங்கள். விமானச் சத்தம் கேட்டால் சாப்பிடுகிற கை நிற்கும். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாதம் முடிந்ததும் உறையில் மேலே வட்டமாக வெட்டி ஜன்னல் வைத்தீர்கள். தூக்கிப் போடவில்லை. அந்த உறையோடு போனபோதுதான் ஒருநாள் இன்ஜின் நின்றது; முதலாளி எப்படியோ ஒரு கொல்லையில் இறக்கிவிட்டார். போனில் புள்ளிகள் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. பக்கத்திலிருந்த ஏரியின் வளைவை வைத்து, “கரைக்கு மேற்கால போங்கண்ணே” என்று வாட்ச்மேனுக்குச் சொன்னேன். அவர் போனபோது சுளுக்கிய காலை நீட்டிக்கொண்டு, மல்லாட்டைக் கொல்லையில் பச்சை வேர்க்கடலை பிடுங்கித் தின்றுகொண்டிருந்தீர்களாம்.

அத்தனை வருடம் வானத்தில் தவறவிடாமல் பார்த்த உங்களை, விழுப்புரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையைப் பிடித்திருக்கும்போதே விட்டுவிட்டேன்.

நேற்று முதலாளி பிரியமாகத்தான் சொன்னார். “இத்தினி வருசத்துல உங்க ஊட்டுக்காரர் ஒரே ஒரு தப்புதாம்மா பண்ணாரு. அந்த சுவிட்சு.”

உங்கள் வேலை போய்விடுமோ என்றுதான் அதுவரை வாயைத் திறக்கவில்லை. இனி எதற்கு?

“அவரு மறக்கல சார். நான் தெச்ச உறைதான் மறைச்சிச்சு.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அந்த மனுசன ஒரு மாசம் கீழ நிக்க வெச்சிட்டேனேம்மா” என்றார். பிறகு, “அந்த உறை இன்னும் பிளேன்ல அந்தப் பெட்டி மேலதான் இருக்குது. கழட்டிக் கொண்டாந்து தரட்டா?” என்று கேட்டார்.

“வேணாம் சார். அங்கியே இருக்கட்டும்.”

இன்று காலை விமானச் சத்தம் கேட்டது. கை தானாகப் போனை எடுத்து அடுப்பு மேடையில் சாய்த்தது. ஒரு புள்ளி விழுந்தது. அடுத்தது விழும்வரை, நீங்கள் வெட்டிய வட்டத்தை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தேன்.