ரவி, அந்த சென்சாரை வாங்கியது நான்

கோபத்தைக்கூடச் சிரித்துக்கொண்டே காட்டிய என் தம்பி ரவிக்கு,

உன் கார் வீட்டுக்கு வந்துவிட்டது. ஐந்து மாதம் போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நின்றதில் கூரையெல்லாம் காக்கை எச்சம். உன் பக்கத்து ஜன்னல் கண்ணாடி இல்லை. சீட்டின் தோளில் காய்ந்து கறுத்துப்போன கறையை உன் மனைவி கலா யாரையும் துடைக்க விடவில்லை.

அன்று காலை என் கண் பரிசோதனைக்குப் போகும் வழியில்தானே சேலையூர் சிக்னலை நெருங்கினோம். நீ ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாய், பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன். எஞ்சின் மட்டும் அடங்காமல் உறுமியது. பிரேக்கை நீ அழுத்துவதற்குள் வண்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்து முன்னால் நின்ற பைக்கைச் சாய்த்துவிட்டது. ஓட்டியவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நீ சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்திவிட்டுக் கைகூப்பினாய்.

"சார், வண்டி தானா பாஞ்சிடுச்சு சார். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இன்னாடா, காரு வெச்சிகினா மேல ஏத்துவியா?"

பக்கத்து பைக்குகளிலிருந்து நான்கு பேர் இறங்கி வந்தார்கள். முதல் அடியில் கண்ணாடி உடைந்தது. இரண்டாவது உன் தாடையில். உன் காலரைப் பிடித்து ஜன்னல் வழியாகவே பாதி இழுத்தார்கள். வராததால் கதவைத் திறந்து இழுத்தார்கள். மூன்று பேர் மிதித்தார்கள். நான்காமவன் ஹெல்மெட்டால் உன் தலையில் ஓங்கி ஓங்கி அடித்தான். தேங்காய் உடைக்கும்போது ஒரு சத்தம் வருமே, அது. நான் அவன் முதுகில் குத்தினேன். "நவுரு பெர்சு" என்று முழங்கையால் தள்ளினான். விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன். ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்து, "புது ஹெல்மெட்டுடா, விரிசல் வுட்டுச்சு" என்றான்.

இரண்டு நாள் மூச்சு மட்டும் விட்டாய். என் குரல் கேட்டதா உனக்கு?

இப்போது அவர்களின் வக்கீல் சொல்வது இது: பிரேக்கில் குறையில்லை என்று அரசுச் சோதனை அறிக்கை இருக்கிறது, ஆகவே நீ வேண்டுமென்றே ஏற்றினாய், உயிருக்குப் பயந்துதான் அவர்கள் அடித்தார்கள். செத்த பிறகும் உன்னை அடிக்கிறார்கள், ரவி. கோர்ட் வராந்தாவில் அந்த ஹெல்மெட்காரன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். என் பையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், நிறையத் தண்ணீரோடு. முப்பது வருடம் வகுப்பில் ஒரு பிள்ளையைக்கூடத் தொட்டு அடிக்காத கை, பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. அவன் நெற்றியில் எந்த இடம் என்றுகூடப் பார்த்துவிட்டேன். பெயரைக் கூப்பிட்டார்கள், அவன் போய்விட்டான்.

நீ வேண்டுமென்றே ஏற்றவில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் பாய்ந்தது என்றும் அன்றே ஊகித்தேன். அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

த்ராட்டில் சென்சார். எஞ்சினுக்குக் காற்று விடும் மூடிதான் த்ராட்டில், அதன் அச்சிலேயே மாட்டியிருக்கும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று எஞ்சினுக்குச் சொல்லும், தீப்பெட்டி அளவுக் கறுப்புத் துண்டு. பழையது தேய்ந்துபோய் வேறு கிடைக்காமல் நீ அலைந்தாய். மேற்குத் தாம்பரத்தில் பழைய கார் பாகம் விற்கும் கன்னியப்பன், வேறு மாடலுடையதை எடுத்துக் காட்டி, "நம்பர் வேற டீச்சர், வேணாம்" என்றார். நான்தான் விடவில்லை. மீட்டர் வைத்து அளந்தேன். மூன்று முனை, அதே மின்தடை, அதே திருகாணித் துளை. "இயற்பியல் எல்லா வண்டிக்கும் ஒண்ணுதாங்க" என்று அவருக்கே பாடம் நடத்தினேன். எந்தப் பக்கம் சுழல்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. நீ வீட்டிலேயே மாட்டிக்கொண்டாய்.

நான்கு நாள் கழித்து, "அக்கா, கால எடுத்தாலும் வண்டி இழுக்குது" என்றாய். நான் என்ன சொன்னேன்? "புதுச் செருப்பு கடிக்கத்தான்டா செய்யும். நாலு நாள் நடந்தா சரியாயிடும்." நீ சிரித்துவிட்டுப் போனாய். எதற்கெடுத்தாலும் ஓர் உதாரணம் சொல்லும் வாய், ரவி.

காரை மீட்டதும் கன்னியப்பனிடம் இழுத்துப் போனேன். பழசை நீ டேஷ்போர்டில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தாயே, அதன் நம்பரை வைத்துத் தேடினோம். பல்லாவரம், வண்டலூர் எங்கும் இல்லை. கடைசியில் முடிச்சூரில் ஒரு ஷெட்டில் உடைத்துக்கொண்டிருந்த வண்டியில், கடப்பாரை இறங்குவதற்குள் கழற்றி வாங்கினோம்.

சக்கரங்களுக்குக் கல் வைத்து, முதலில் நான் வாங்கியதோடே எஞ்சினைக் கிளப்பினார். மிதித்துவிட்டுக் காலை எடுத்தார். உறுமல் அடங்கவில்லை. பிறகு அதை மட்டும் மாற்றினார், வேறெதையும் தொடவில்லை. மிதித்தார், எடுத்தார். உடனே அடங்கியது.

"உள்ள கீற ஸ்ப்ரிங் எதிர்ப்பக்கம் இழுக்குது டீச்சர். அதான் த்ராட்டில் மூட மாட்டேங்குது. அன்னிக்கே இன்னா சொன்னேன் நானு?"

அவர் சுத்தியலை எடுத்து அந்தக் கறுப்புத் துண்டின் மேல் ஓங்கினேன். என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். "வுடுங்க டீச்சர், அதான் சாட்சி. அத்த ஒடச்சா உங்க தம்பிதான் ஏத்தினான்னு ஆயிடும்."

அன்று மாலையே கலாவிடம் சொன்னேன். செருப்பு உதாரணம் உட்பட. அவள் எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். மூக்குக்கண்ணாடி சுவரில் பட்டுத் தெறித்தது. இன்னொரு அறை. நான் முகத்தைத் திருப்பவில்லை. பிறகு அவளே குனிந்து, உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி என் மடியில் வைத்தாள்.

"இத கோர்ட்ல சொல்லுவீங்களா அக்கா?"

"சொல்வேன்."

"அது வரைக்கும் இங்க வராதீங்க."

அரசு வக்கீல், "உங்களையே காட்டிக் கொடுத்துக்கிறீங்களேம்மா" என்றார். ஆனாலும் வண்டியை மறுபடி சோதிக்க மனு போட்டிருக்கிறார். சாட்சிக் கூண்டில் இரண்டு சென்சாரையும் வைப்பேன், ரவி. ஓர் உதாரணமும் சொல்ல மாட்டேன். வாங்கியது நான். இழுக்குது என்று தம்பி சொன்னான், நான் கேட்கவில்லை. வண்டி பாய்ந்ததற்குக் காரணம் நான். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கைகூப்பியவனை அடித்துக் கொன்றது இவர்கள். இவ்வளவுதான் சொல்வேன். எத்தனை முறை கேட்டாலும் இதையே சொல்வேன்.

நீ சொன்னதைக் காதில் வாங்காத உன் அக்கா,
வசந்தா